தர்மப் பெட்டியில் போட்ட குரல்

பவளத்துறை யூதத் தெருவில் மல்கா தன் குரலைத் தர்மப் பெட்டியில் போட்டது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். அன்றைக்கு உப்பு ஏற்ற வந்த இரண்டு தோணிகள் துறையில் நின்றன, நவோமி வீட்டுக் கடைசிப் பிள்ளைக்கு மாந்தம், ஜெபாலயத்துக் கிணற்று உருளை எண்ணெய் இல்லாமல் கத்திக்கொண்டிருந்தது, மற்றபடி அது எல்லா வெள்ளிக்கிழமையையும் போல ஒரு வெள்ளிக்கிழமைதான் என்று தெருக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள்.

பதினேழு வீடுகள் இருந்த தெரு அது. உப்புத் தரகு பார்த்தார்கள், கயிறு திரித்தார்கள், தோணிகளுக்குப் பாய் தைத்தார்கள். மல்காவின் புருஷன் சக்காய் பாய் தைத்துக்கொண்டிருந்தவன்தான். கூலி போதவில்லை என்று ரங்கூனுக்குக் கப்பலேறினான். முதல் வருஷம் இரண்டு கடிதம் வந்தது, இரண்டாம் வருஷம் ஒன்று, அதற்குப் பிறகு ஒன்பது வருஷமாக ஒன்றும் இல்லை. செத்துப்போனான் என்று சொல்லச் சாட்சி இல்லை, இருக்கிறான் என்று சொல்லக் கடிதம் இல்லை. புருஷன் விடுதலைச் சீட்டு எழுதி அனுப்பவேண்டும், இல்லையென்றால் அவன் செத்ததை அறிந்த ஒருவர் வந்து சொல்லவேண்டும். இரண்டும் இல்லாதவள் இன்னொரு கல்யாணம் செய்துகொள்ள அவர்கள் வேதத்தில் வழி கிடையாது. அப்படிப்பட்டவளை வேதத்தின் பாஷையில் கட்டுண்டவள் என்பார்கள். துறைமுகத்துத் தெரு ஆனதால் இங்கே நங்கூரத்தில் கிடக்கிறவள் என்றார்கள். கல்யாண வீட்டில் சுமங்கலிக்கு ஒரு பாய் உண்டு, விதவைக்கு ஒரு மூலை உண்டு, மல்காவுக்கு இரண்டும் இல்லாததால் அவள் நின்றுகொண்டே பாடினாள்.

ஏனென்றால் பாட்டு மட்டும் அவளிடம் இருந்தது. அவள் குரல் இனிமையானது என்று யாரும் சொன்னதில்லை, சரியானது என்றுதான் சொல்வார்கள். தச்சன் இழைத்த கதவு நிலையில் வந்து பொருந்துகிற மாதிரி அது கேட்பவர் மனசுக்குள் வந்து பொருந்தும். "கப்பலேறி வந்தவளே, கால் நனையாமல் இறங்கு" என்று அவள் மணப்பெண்ணைப் பார்த்துப் பாடத் தொடங்கினால், அதுவரை சமையல்கட்டில் அதட்டிக்கொண்டிருந்த பெண்ணின் தாயார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுவார்.

அதற்குக் கூலி வாங்குகிற வழக்கம் இல்லை. அவள் சாப்பிட்டது தர்மத்தில். வெள்ளிக்கிழமை மதியம் அவள் வாசலில் ஒரு துணி மூட்டை இருக்கும், அரிசி, வெல்லம், எண்ணெய். தர்மப் பொறுப்பு எலியாவுடையது. உப்பு நிறுக்கிற இடத்தில் கணக்குப்பிள்ளை, பெண்சாதியை இழந்தவர், செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நடக்கிறவர். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கொடுப்பதே உயர்ந்த தர்மம் என்பதால் மூட்டையை வைத்துவிட்டு, கதவு திறப்பதற்குள் தெருமுனை தாண்டிவிடுவார்.

அந்த வெள்ளிக்கு முந்தைய சனிக்கிழமை, சாபத்து என்கிற ஓய்வுநாளில், ஆசான் செமாயா வேதம் விளக்கிக்கொண்டிருந்தார். "தர்மம் வாங்கிச் சாப்பிடுறவனும் தர்மம் கொடுக்கணும். அவனுக்கு விலக்கு கிடையாது" என்றார். கீழே ஆண்கள் கொட்டாவி விட்டார்கள், மேலே மரச்சட்டத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் விசிறிக்கொண்டார்கள், மல்காவுக்கு மட்டும் முகம் காந்தியது. அந்த வாரம் முழுக்க அவள் வீட்டைத் துழாவினாள். ஓட்டை விழுந்த பித்தளைச் செம்பு இருந்தது, அதைக் கொடுத்தால் கொடுத்ததாகாது. சக்காயின் பாய்த்துணி ஊசிகள் இருந்தன, அவை அவளுடையவை இல்லை. வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு ஜெபாலயத்துக்குப் போய், சுவரில் பதித்த பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குனிந்து, குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடிக்கிறவளைப் போல உதடுகளை அந்தத் துவாரத்தில் வைத்தாள். உள்ளே ஏதோ விழுந்தது. அவள் நிமிர்ந்து முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

எலியாவு பெட்டியைத் திறந்தபோது சில்லறைக்கு நடுவில் அது கிடந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, கைக்குத் தெரிந்தது. அப்போதுதான் இட்ட முட்டையைப் போல இளஞ்சூடாக, எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது, அவர் விரல் பட்டதும் "கால் நனையாமல் இறங்கு" என்றது. அவர் பெட்டியை மூடினார். ஆண்கள் பத்துப் பேரைக் கூட்டினார்.

உப்புத் தரகர் மோர்தகாய்தான் முதலில் வாய் திறந்தார். "குரலுன்னா, யாரு குரல் வே?"

தெருவில் பிறந்த கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரியும் அது யார் குரல் என்று.

"யாரு குரல்னு நமக்குத் தெரியாது" என்றார் ஆசான் செமாயா.

"தெரியாதா?"

"தெரியக் கூடாது. கொடுத்தவுக முகம் தெரிஞ்சுபோச்சுன்னா தர்மம் ஒருபடி இறங்கிரும். இவ்வளவு பெரிய தர்மத்தை நம்ம இறக்கலாமா?"

பத்துப் பேரும் எலியாவும் தங்களுக்குத் தெரியாது என்று ஆசான் முன்னால் சத்தியம் பண்ணினார்கள். மத்தியானத்துக்குள் அவரவர் வீட்டுப் பெண்களும் தெரியாது என்று ஒப்புக்கொண்டார்கள். யாருக்குக் கொடுப்பது என்று அடுத்த பேச்சு வந்தது. இல்லாதவனுக்கு எது இல்லையோ அதைக் கொடு என்றுதான் வேதம் சொல்கிறது, குதிரை இல்லாமல் தவிக்கிறவனுக்கு அரிசி கொடுத்து என்ன பிரயோசனம் என்று ஆசான் கேட்டார். அதோடு கூட்டம் கலைந்தது. மிச்சத்தை எலியாவு பார்த்துக்கொள்ள வேண்டியது.

அன்று மதியம் கயிறு திரிக்கிற யோவாப் வாசலில் ஒரு துணிப்பொட்டலம் இருந்தது. யோவாப்பின் பெண்சாதி செத்து எட்டு மாதமாகிறது. இறந்தவளுக்காகப் புருஷன் சொல்லவேண்டிய துதியை அவரால் ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை, வாயைத் திறந்தால் காற்று மட்டும் வரும். மறுநாள் அந்த ஐம்பது வயது மனிதர், கயிற்று நார் ஒட்டிய தாடியோடு எழுந்து நின்று, மல்காவின் குரலில் துதியை முதலிலிருந்து கடைசி வரை சொன்னார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முடிகிற இடத்தில் எல்லோரும் ஆமென் என்றார்கள். அடுத்த வெள்ளி விடிந்ததும் அவரே போய்க் குனிந்து குரலைப் பெட்டியில் திருப்பிப் போட்டார். அப்படிச் செய்யும்படி அவருக்கு யாரும் சொல்லவில்லை, ஆனால் அதுவே முறையாகிப்போனது.

அடுத்து அது நவோமி வீட்டுக்குப் போனது, அவளுடைய எட்டுப் பிள்ளைகளும் ஒரு வாரம் தொடர்ந்து தூங்கினார்கள், தூக்கம் கண்ட நவோமிக்கு முகமே மாறிப்போனது. அதற்கடுத்து, பேசினால் திக்குகிற பள்ளிக்கூட வாத்தியாருக்கு. பிறகு, யாரோடும் ஒத்துப்போகாத கிழவி சிம்ஹாவுக்கு. அவள் அந்தக் குரலில் மீன்காரிகளை வைத வசவு அத்தனை அழகாக இருந்ததால் மீன்காரிகள் கூடையை இறக்கி வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் வையும்படி கேட்டார்கள். மூன்று மாதத்தில் தெருவுக்கு அது பழகிவிட்டது. இந்த வாரம் யார் வீட்டில் என்று விசாரிக்க மாட்டார்கள், காது கொடுத்துத் தெரிந்துகொள்வார்கள். எலியாவுக்கு மட்டும் ஒரு சங்கடம் இருந்தது. பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு மல்கா வீட்டைத் தாண்டும்போது அது கைக்குள் துடித்தது. ஆகவே அவர் பின்சந்து வழியாகச் சுற்றிப் போனார்.

மல்கா முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தாள். முற்றத்துச் சுவரோரம் உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டு, நவோமி வீட்டில் தன் குரல் தாலாட்டுவதைக் கேட்டாள். தனக்குப் பிறக்காத பிள்ளைகள் தன் குரலில் தூங்குவது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் மெல்ல மெல்ல ஒன்றைக் கவனித்தாள். அவள் கிணற்றடிக்குப் போனால் பெண்கள் குடம் நிறையாமலே கிளம்பினார்கள். எதிரே வருகிறவர்கள் தெருவின் அந்தப் பக்கம் மாறினார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் அவள் கொடுத்தது குறைந்துவிடும், அதனால் அவளுக்கு மரியாதை செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அவளைப் பார்க்காமல் இருந்தார்கள். ஏன் பேச மாட்டேன் என்கிறாய் என்று ஒருவர்கூட அவளைக் கேட்கவில்லை. கேட்பதற்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

மோர்தகாயின் மகள் கல்யாணத்துக்கு அவளையும் அழைத்திருந்தார்கள், அழைப்பை வாசல் இடுக்கில் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த வாரம் குரல் மணப்பெண்ணின் அத்தையிடம் இருந்தது. அத்தை பாடினாள், பெண்ணின் தாயார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதார். மல்கா வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தாள், இந்தத் தடவை பாடாமல் நின்றாள். பந்தியில் அவளுக்கு இரண்டு பக்கத்திலும் இலை காலியாகக் கிடந்தது.

அதற்கடுத்த வெள்ளி அவள் கதவுக்குப் பின்னால் காத்திருந்து, மூட்டை தரையில் படுகிற சத்தம் கேட்ட உடனே கதவைத் திறந்தாள். எலியாவு குனிந்தபடி இருந்தார். நிமிர்ந்தவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மல்கா தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். பிறகு தெருவைக் காட்டினாள், பதினேழு வீட்டையும். பிறகு கையை விரித்தாள்.

"மைனி, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் எலியாவு. சக்காய் அவரைவிட மூத்தவன், ஆகவே அண்ணன் பெண்சாதி என்ற முறையில் அவளை அவர் எப்போதும் மைனி என்றே கூப்பிடுவார். "தெரியாதுன்னு ஆசான் முன்னால சத்தியம் பண்ணியிருக்கேன். நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க."

அவள் எப்படிச் சொல்வாள். அவர் அதை நினைத்துக்கொண்டவர்போல வாயைப் பொத்திக்கொண்டு, செருப்பு விழுந்ததைக்கூட எடுக்காமல் போய்விட்டார். ஒற்றைச் செருப்பை அவள் வாசலோரம் எடுத்து வைத்தாள். மறுநாள் காலையில் அது அங்கே இல்லை.

ஆவணி மாதத்தில் கரி ஏற்றிக்கொண்டு போகிற ஒரு கப்பல் துறைக்கு வந்தது. அதில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிற ஹெஸ்கேல் என்பவர் காய்ச்சலோடு இறங்கினார், கொச்சிக்காரர், யூதர். வழிப்போக்கனுக்குத்தான் தர்மத்தில் முதல் பங்கு என்பதால் ஜெபாலயத்துப் பக்கத்து அறையில் அவரைப் படுக்கவைத்துக் கஞ்சி கொடுத்தார்கள்.

"உமக்கு என்ன இல்லை?" என்று எலியாவு கேட்டார்.

ஹெஸ்கேல் பதில் சொல்ல முயன்றார். இருபது வருஷத்துக் கரித்தூள் அவர் தொண்டையில் இருந்தது. ஓட்டைக் குழாயில் காற்று போகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். அந்த வெள்ளிக்கிழமை குரலை அவர் அறை வாசலில் வைத்தார்கள். புதன்கிழமை காய்ச்சல் விட்டது, வியாழக்கிழமை கப்பல் சங்கு ஊதியது, அவர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். வெள்ளிக்கிழமை எலியாவு பெட்டியைத் திறந்தபோது சில்லறை மட்டும் இருந்தது.

தெரு ஒரு வாரம் துக்கம் காத்தது போலிருந்தது. திட்டுவதற்கும் தாலாட்டுவதற்கும் தொழுவதற்கும் அவரவர் குரலே மிஞ்சியது, அது யாருக்கும் போதவில்லை. பிறகு அதுவும் பழகியது. மல்காவுக்குத்தான் பழகவில்லை. அதுவரை சுவருக்கு அந்தப் பக்கமாவது அவள் இருந்தாள். ஐப்பசி மழையில் முற்றம் முழுக்கத் தண்ணீர் நின்றபோது அவள் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு வீட்டிலும் தான் இல்லாத அந்தத் தெருவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். போன குரலைப் பற்றிப் பேசினால் அது யாருடையது என்பதும் வந்துவிடும் என்று எல்லோரும் அவளைப் பார்க்காமலேயே இருந்தார்கள். வெள்ளிதோறும் மூட்டை மட்டும் வந்தது.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில், தொழுகை முடிந்து ஆண்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஹெஸ்கேல் தெருவுக்குள் வந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். கையில் எண்ணெய்த்துணியில் சுற்றிய ஒரு காகிதம்.

"நான் ஹெஸ்கேல். இந்தத் தெருவுல கஞ்சி குடிச்சுப் பிழைச்சவன்" என்று அவர் மல்காவின் குரலில் சொன்னார். "சக்காய்ங்கிறவரோட பெண்சாதியைக் கூப்பிடுங்க."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு தன் குரல் தெருவில் கேட்டதும் அவள் அடுப்பை அணைக்காமலே வந்துவிட்டாள். பின்னால் தெருவே வந்தது. ஜெபாலயத்து முற்றத்தில் அவள் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் நின்றார்கள்.

"ரங்கூன் ஜெபாலயத்துல சாபத்துச் சாப்பாடு முடிஞ்சதும் ஆளுக்கொரு பாட்டு பாடச் சொன்னாங்க. எனக்குப் பாட்டே தெரியாது. வாயைத் திறந்தேன், 'கப்பலேறி வந்தவளே'ன்னு அதுவா வந்துச்சு. மூணாவது வரிசையில ஒருத்தர் தட்டைக் கீழே வச்சார். முழுக்கக் கேட்டார். அப்புறம் வந்து, 'அவ இன்னும் பாடுறாளா?'ன்னார். 'யாருன்னு தெரியாது, இப்ப நான்தான் பாடுறேன்'னேன். 'பவளத்துறை மல்கா. என் பெண்சாதி. அவ குரல் இது'ன்னு சொல்லிட்டு அங்கேயே தரையில உட்கார்ந்துட்டார்."

பெயர் வெளியே வந்துவிட்டது. சத்தியம் பண்ணாத ஓர் ஆள் அதை எல்லோர் காதிலும் போட்டுவிட்டார்.

"தகரப்பெட்டிக் கடை வச்சிருக்கார்" என்று ஹெஸ்கேல் மல்காவைப் பார்த்துச் சொன்னார். "அங்க ஒரு குடும்பம் இருக்கு. மூணு பிள்ளைங்க. இதைச் சொல்லச் சொல்லி அவர் சொல்லல. சொல்லாம இருக்க எனக்கு மனசு வரல."

மல்கா அதைத் தன் குரலிலேயே கேட்டாள். பதினோரு வருஷமாகத் தனக்குள்ளே தான் சொல்லிவந்த ஒன்றை இப்போது சத்தமாகச் சொல்லிவிட்டது போல அவளுக்கு இருந்தது. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அழவில்லை.

"மறுநாளே விடுதலைச் சீட்டு எழுதச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுக்க என்னை நியமிச்சார். இதோ."

அப்போதுதான் மோர்தகாய் முன்னால் வந்தார். "கொண்டுவந்தவர் வாயால அறிவிச்சாத்தான் சீட்டு செல்லும். அவ குரலே அவளுக்கு அறிவிச்சா, அது செல்லுமா ஆசானே?"

"இது பாவம்தான், நான் இதைத் தூக்கிட்டுப் போனது" என்றார் ஹெஸ்கேல் அவசரமாக. "திருப்பிப் போட்டுடுறேன். அப்புறம் என் தொண்டையால எப்படியாவது சொல்லிடுறேன்." பெட்டியைப் பார்த்து நடந்தார். அவர் குனிவதற்குள் மல்கா போய்த் துவாரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். அவர் நிமிர்ந்தார். அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அவர் கழுத்தில் கரி ஏறிக் கறுத்த நரம்பைப் பார்த்து இன்னொரு தடவை ஆட்டினாள்.

ஆசான் செமாயா தாடியைத் தடவினார். "வாய் அவருது. குரல் தர்மத்தோடது. செல்லும்" என்றார்.

சீட்டை ஆசான் வாங்கி வாசித்துத் தமிழில் பொருள் சொன்னார். கடலோரத்தில், கிணற்று நீரை நம்பி இருக்கும் பவளத்துறையில் வசிக்கிற மல்காவுக்கு என்று அது தொடங்கியது. இனி உன்மேல் உனக்கே அதிகாரம், நீ விரும்பிய இடத்துக்குப் போகலாம், விரும்பியவரை மணக்கலாம், யாரும் தடுக்க முடியாது என்று முடிந்தது. மல்கா இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு நின்றாள். ஹெஸ்கேல் அவளுக்கு நேரே வந்து நின்றார்.

"என் கண் முன்னால எழுதினது, என் கண் முன்னால கையெழுத்தானது" என்றது அவள் குரல். "இது உன் விடுதலைச் சீட்டு. வாங்கிக்கோ. இன்னையிலிருந்து நீ யாருக்கும் கட்டுப்பட்டவ இல்லை."

காகிதம் அவள் கைகளில் விழுந்தது. அவள் விரல்களை மடக்கினாள்.

"இப்ப அது உன்னோடதுன்னு காட்ட நாலடி நடக்கணும்மா" என்றார் ஆசான்.

மல்கா நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. "போதும்மா, திரும்பி வா, சீட்டை என்கிட்ட கொடுக்கணும், அதுதான் முறை" என்றார் ஆசான். அவள் நிற்கவில்லை. முற்றத்தைத் தாண்டினாள், வாசலைத் தாண்டினாள், தெருவில் இறங்கினாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது, பிறகு அவள் கூடவே நகர்ந்தது. பெயர் வெளியே வந்தாயிற்று, இனித் தெரியாதது ஒன்றும் இல்லை, அதனால் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினார்கள். "என் பிள்ளைங்க தூங்குனது உன்னாலதான் மல்கா, உனக்குத் தெரியுமா?" என்று நவோமி கேட்டாள். யோவாப் இரண்டு கைகளையும் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கிழவி சிம்ஹா தன் சொந்தக் கரகர குரலில், "இத்தனை நாளும் உன்னை ஒரு வார்த்தை கேக்கலையேடி, பாவி மக்க நாங்க, நின்னு ரெண்டு அடியாவது அடிச்சுட்டுப் போயேன்" என்று கத்தினாள். மல்கா ஒவ்வொருவர் முன்னாலும் நின்றாள், சொன்னதைக் கேட்டாள், தலையசைத்தாள், நடந்தாள். கடைசி வீட்டோடு கூட்டம் நின்றுவிட்டது. சீட்டை வாங்கி வரும்படி ஆசான் அனுப்பிய எலியாவு மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் பின்னால் போனார். கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தார். மைனி என்று இனிமேல் கூப்பிட முடியாது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டே நின்றுவிட்டார்.

உப்பு அம்பாரங்களைத் தாண்டி அவள் துறைக்கு வந்தாள். வெயில் ஏறியிருந்தது. தோணிகள் போய்விட்டதால் படித்துறையில் யாரும் இல்லை, அவித்த வேர்க்கடலை விற்கிற ஒரு பெண் மட்டும் கூடையோடு உட்கார்ந்திருந்தாள், வெளியூர்க்காரி. மல்கா கீழ்ப்படியில் போய் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டாள். அலை வந்து புடவையை முழங்கால் வரை நனைத்துவிட்டுப் போனது.

கடலைக்காரி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து வந்து பக்கத்துப் படியில் உட்கார்ந்து, அவள் முகத்தை நேராகப் பார்த்து, ஒரு கை நிறையக் கடலையை நீட்டினாள்.

"சாப்பிடு தாயி. காசெல்லாம் வேண்டாம். காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல போலருக்கே நீ."

மல்கா வாங்கிக்கொண்டாள். கடலை இன்னும் சூடாக இருந்தது.

"என்ன அது, கடுதாசியா?" என்றாள் கடலைக்காரி. "யாருக்கு வந்திருக்கு?"

மல்கா மென்றுகொண்டே, காகிதம் இருந்த கையாலேயே தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.